குளிகையில் போட்ட கையெழுத்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வெண்மதியின் ஆபீஸுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரை அவர் இரண்டு தடவை தட்டினால் நான் பேனாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒப்பந்தம் படிந்துவிட்டது, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக முதல் சாட்சி நான்தான். செந்தமிழ்செல்வன், தகப்பனார் பெயர் இன்னது, வயது இன்னது என்று எழுதி எழுதி என் வயதை நானே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். கூலி கிடையாது. ஒரு டீ உண்டு. அதுவும் எதிர்க்கடை கோவிந்தசாமியின் டீ. சர்க்கரையைப் போட்டுவிட்டுக் கலக்க மறந்துவிடுவார்.

வெண்மதி வக்கீல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தன்னைத் தேடி வருபவர்களிடம் அவரும் அதைத்தான் முதலில் சொல்வார். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். சிதம்பரத்தில் பி.காம். படித்துவிட்டு, சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். கேன்டீன் நடத்துபவர், லாரி விடுபவர், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புபவர் எல்லாரிடமும் அந்தக் கம்பெனி பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும். வருகிறவர்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், எங்கே போட வேண்டும் என்று கேட்பார்களாம். எட்டு வருடத்தில் ஒரே ஒருவர்தான் முதல் பக்கத்தைப் பார்த்தாராம். அதுவும் தன் பெயரைச் சரியாக அடித்திருக்கிறார்களா என்று. வெண்மதி அந்த வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு இதற்கு மேல் உருக்கமான கதை எதுவும் கிடையாது. கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அப்பாவை யாரோ ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிவிட்டார்கள் என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள். அவருடைய அப்பா காத்தவராயன் மின்வாரியத்தில் நல்லபடியாக ஓய்வு பெற்று, வீட்டில் தலைப்புச் செய்தி முதல் ராசிபலன் வரை பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

வெண்மதியின் வேலை இதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் செய்யப் போகிறார்கள், அல்லது ஒருவர் பொருள் தர இன்னொருவர் வாங்கப் போகிறார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச விடுவார், இடையில் புகுந்து பேரம் பேசுவார், படிந்ததைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கொடுப்பார். சனிக்கிழமைதோறும் வக்கீல் சந்திரலேகா வந்து சட்டப்படி சரியா என்று பார்த்துவிட்டுப் போவார். சட்டத்தில் அவர் குறை சொல்வார், தமிழில் வெண்மதி விட்டுக்கொடுக்க மாட்டார்.

முதல் கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முகம் சுருங்கிப்போகும். "பிரியணும்னா எப்படிப் பிரிவீங்க?" என்றுதான் தொடங்குவார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இதென்ன பேச்சு என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களில் பலர் ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் இளைத்துத் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். 'கூடிய சீக்கிரம்' என்ற சொல்லை அவர் தன் ஆபீஸுக்குள்ளேயே விடமாட்டார். விடியற்காலை என்றால் எத்தனை மணி, நல்ல தேங்காய் என்றால் எத்தனை கிராம் என்று நோண்டி நோண்டிக் கேட்பார். எரிச்சலாக இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே பல நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது.

ஆனால் அவருடைய வழக்கங்களில் ஒன்று இருக்கிறது, அதற்காக மட்டும் அவரை எத்தனை பாராட்டினாலும் தகும். மாற்றிப் படிப்பது. அவர் எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு பாகம் இருக்கும். இன்னார் ஆகிய நான் என்று ஆரம்பித்து ஒருவருடைய பொறுப்பு முழுவதும் ஒரு பாகம், அதேபோல மற்றவருக்கு இன்னொரு பாகம். கையெழுத்துக்கு முன்னால் இவருடைய பாகத்தை அவரும், அவருடைய பாகத்தை இவரும் வாய்விட்டு, நான் நான் என்றே படிக்க வேண்டும். ஒருமுறை ஒரு கடை முதலாளி, தன் கடையை வாடகைக்கு எடுக்க வந்த தையற்காரருடைய பாகத்தைப் படித்தார். 'காலி செய்யச் சொன்னால் மூன்றே நாளில் காலி செய்வேன்' என்று வந்தது. அந்த மூன்று நாளைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "மூணு நாள்ல மிஷினையெல்லாம் தூக்கிக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?" என்றார். அன்றைக்கு அது மூன்று மாதமாக மாறியது. தையற்காரர் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். என் பேன்ட் எல்லாம் அங்கேதான் தைக்கிறேன்.

இதனால்தான் அவர் எழுதிய எந்த ஒப்பந்தமும் சண்டையாகிக் கோர்ட்டுக்குப் போனதில்லை. பதினைந்து வருடம் முடிந்தபோது, 'இங்கு எழுதிய ஒப்பந்தம் எதுவும் இதுவரை கோர்ட் படி ஏறியதில்லை' என்று ஒரு போர்டு அடித்து நானே அவர் வாசலில் மாட்டினேன். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு அதில் அவரைவிடப் பெருமை ஜாஸ்தி. கோர்ட்டுக்கு எதிரிலேயே ஆபீஸ் வைத்துக்கொண்டு இப்படி ஒரு போர்டு மாட்ட யாருக்கு வாய்க்கும்?

போன ஆவணியில் ஒரு நாள் உத்திராபதியும் அருள்முருகனும் வந்தார்கள். உத்திராபதி சிதம்பரத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். கீழ வீதிக்குப் பின்னால் பெரிய சமையற்கூடம், அறுபது வயது, குரல் மட்டும் இருபத்தைந்து. அருள்முருகனுக்குக் குறிஞ்சிப்பாடி தாண்டி நாலு ஏக்கர் வாழை. வருடம் முழுவதும் உத்திராபதிக்கு வாழை இலை தர வேண்டும் என்பது பேச்சு. இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். ஆடி மாதம் கல்யாணமே இல்லாதபோதும் கணிசமாக இலை எடுத்துக்கொள்வதாக உத்திராபதி இறங்கி வந்தார். அதற்கு ஈடாக, முகூர்த்த நாளிலும் விலையை ஏற்றுவதில்லை என்று அருள்முருகன் ஒத்துக்கொண்டார். புயல் வந்தால் இலை கிழிந்து நாராகிவிடும், அப்போது என்னைக் கேட்கக் கூடாது என்றும் அருள்முருகன் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

மூன்றாம் நாள் காலையில் கையெழுத்து. பத்து மணி சுமாருக்குச் சுவர் தட்டப்பட்டது. நான் போய் நின்றபோது வெண்மதி இருவர் கையிலும் தாளைக் கொடுத்து மாற்றிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உத்திராபதி திடீரென்று நிமிர்ந்து, "ராகுகாலம் எப்போங்க?" என்று கேட்டார். அவருக்கு ராகுகாலத்தின் மேல் பயம் உண்டே தவிர மனப்பாடம் கிடையாது. அந்தக் கணக்கெல்லாம் அவர் மனைவி மாரியம்மாள் வசம். நான் என் கடைக்கு வந்து தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். பத்தரை முதல் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. போய் அப்படியே சொன்னேன். அப்போது மணி பத்து பத்து.

பன்னிரண்டுக்கு மேல் வாருங்கள், நிதானமாகப் படித்துவிட்டுப் போடலாம் என்றார் வெண்மதி. பன்னிரண்டுக்கு உத்திராபதிக்குச் சிதம்பரத்தில் பந்தி. அருள்முருகனுக்கும் தோட்டத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டியவன் நான். இருக்கவில்லை. "ரெண்டு நாளா பேசிப் பேசித்தானம்மா எழுதியிருக்கு? போட்டுட்டுப் போகட்டும். மாத்திப் படிக்கிறத இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்" என்றேன். வெண்மதி என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். பத்து இருபத்திரண்டுக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

அன்று பிற்பகல் ஓர் அம்மா பென்ஷன் படிவம் நிரப்ப வந்து இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். காலண்டரைப் பார்த்துப் பன்னிரண்டு என்றேன். பதினொன்று என்று அந்த அம்மா போனைக் காட்டினார். நான் குனிந்து குப்பைக்கூடையைக் கிளறினேன். காலையில் கிழித்துப் போட்ட புதன்கிழமைத் தாளோடு ஒட்டிக்கொண்டு வியாழக்கிழமைத் தாளும் கிடந்தது. இரண்டையும் சேர்த்துக் கிழித்திருக்கிறேன். நான் படித்துச் சொன்னது வெள்ளிக்கிழமை ராகுகாலம். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்குத்தான். அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான்கு தடவை மாற்றிப் படித்திருக்கலாம்.

முதலில் சிரிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிச் சிரிக்கலாம் என்று எழுந்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நல்லபடியாக முடிந்த காரியத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் வெட்கமாகவும் இருந்தது. அந்த வியாழக்கிழமைத் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். தூக்கி எறிந்திருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை.

ஐப்பசி போனது. இலை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, நானும் அதை மறந்தே போனேன். கார்த்திகையில் கடலில் ஒரு புயல் கிளம்பியது. கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள். எங்கள் ஊரில் இது பெரிய சமாசாரமே இல்லை. ஒன்றாம் எண் என்றால் எங்கேயோ தூரத்தில் புயல் இருக்கிறது, அவ்வளவுதான். கூண்டின் எண் ஏற ஏறத்தான் நாங்கள் மெழுகுவத்தி வாங்கப் போவோம். அந்தப் புயலும் வடக்கே ஆந்திரா பக்கம் போய்விட்டது. இங்கே பளிச்சென்று வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் பெரிய முகூர்த்தம். முதல் நாள் சாயந்தரம் அருள்முருகன் உத்திராபதிக்குப் போன் செய்து, கூண்டு ஏற்றியிருப்பதால் ஒப்பந்தப்படி நாளைக்கு இலை கிடையாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இலை கூடுதல் விலைக்குப் பாண்டிச்சேரி மார்க்கெட்டுக்குப் போனது. உத்திராபதி எங்கெங்கோ அலைந்து பார்த்தார், முகூர்த்தத்துக்கு முதல் நாள் யாரிடமும் இலை இல்லை. கடைசியில் சிதம்பரத்தில் எண்ணூறு பேர் உட்கார்ந்த கல்யாணத்தில், இலை படம் அச்சடித்த காகித இலையைப் போட்டுப் பரிமாறினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, முப்பது வருடமாக இலை போட்ட கையா இது என்று பந்தி நடுவில் நின்று கேட்டாராம். உத்திராபதி அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பிறகு மாரியம்மாள் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் உத்திராபதி வந்தார். கையில் அருள்முருகனுக்கு அனுப்ப எழுதிய வக்கீல் நோட்டீசின் நகல். உட்காரவில்லை.

"நான் கோர்ட்டுக்குப் போறேன் மேடம். வாசல்ல ஒரு போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அதக் கழட்டி உள்ள வச்சுடுங்க" என்றார்.

வெண்மதி அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். நான் வாசலில் நின்றேன், சுவர் தட்டப்படாமலே வந்திருந்தேன். அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது. 'கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும் நாட்களில் இலை தர நான் கடமைப்பட்டவன் அல்லன்.' எந்த எண் கூண்டு என்று இல்லை. முதுநகரில் படகுக்காரர்களுக்கு ஐஸ் கட்டி தரும் ஒப்பந்தம் ஒன்றிலிருந்து அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கிறார். எந்தக் கூண்டு ஏற்றினாலும் படகு கரையில்தான் நிற்கும், ஐஸ் தேவையில்லை. அங்கே எண் வேண்டியதில்லை. வாழைக்கு வேண்டும். மாற்றிப் படித்திருந்தால், கூண்டு ஏற்றினால் நான் இலை தரமாட்டேன் என்று உத்திராபதியே தன் வாயால் படித்து, எந்தக் கூண்டு என்று கேட்டிருப்பார். ஒரு நிமிட வேலை.

வெண்மதி மழுப்பவில்லை. "பேப்பர்படி அருள்முருகன் செஞ்சது சரிங்க. பேப்பர்தான் தப்பு. எழுதுனது நான்" என்றார். உத்திராபதிக்கு இது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சண்டை போட வந்தவரிடம் எதிராளி தப்பை ஒத்துக்கொண்டால் அவர் பாவம் என்னதான் செய்வார்? வியாழக்கிழமை வரை நோட்டீசை அனுப்பாமல் இருங்கள் என்று வெண்மதி கேட்டுக்கொண்டார். முறைத்துக்கொண்டே சரி என்றார். அவர் போனதும் வெண்மதி ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைத் தானே கழற்றி உள்ளே சுவரில் சாய்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அவர் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு நான் எங்கும் போகிறவன் இல்லை என்பதால் அவருக்கு ஆச்சரியம். தோட்டத்தில் ஓர் இலைகூடக் கிழியாமல் நின்றது. அருள்முருகன் முறைப்பாகவே பேசினார். பேப்பரில் உள்ளபடிதான் நடந்தேன் என்றார். ஆமாம், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார் வெண்மதி. அதன் பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. முகூர்த்த நாளில் இலை அறுக்க வரும் ஆட்கள் இரட்டைக் கூலி கேட்கிறார்கள், வேன்காரரும் அப்படியே. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கையைக் கடிக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்குக் கூண்டு ஏற்றிய செய்தியைக் கேட்டதும், தெய்வமாகப் பார்த்து ஒரு வழி காட்டியது போல இருந்ததாம். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். குள்ளஞ்சாவடி தாண்டும்போது வெண்மதியே பேச்சை எடுத்தார். "ராகுகாலம்னு நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்லண்ணே. வர்றவங்க நம்பிக்கைய நாம மதிக்கணும்தான். ஆனா நான் படிக்காம விட்டிருக்கக் கூடாது. பத்தொம்பது வருஷத்துல அந்த ஒரு நாள்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு எங்கிருந்து சொல்வது? கடலூர் வந்து இறங்கும் வரை ஏதோ டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மேல் இருவரும் வந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெண்மதி தன் தப்பை அருள்முருகன் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிட்டு, பழைய ஒப்பந்தத்தை இருவரிடமும் மாற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் படிக்காததை இன்றைக்குப் படியுங்கள், அப்புறம் நோட்டீஸ் கொடுப்பதானாலும் கொடுங்கள் என்றார்.

உத்திராபதி உரத்த குரலில், வேண்டுமென்றே வேகமாகப் படித்துக்கொண்டு போனார். 'முகூர்த்த நாட்களிலும் இதே விலைக்கே நான் இலை தருவேன்' என்ற இடத்தில் வேகம் குறைந்தது. அவரும் சமையல் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்தானே? முகூர்த்த நாள் கூலி அவருக்குத் தெரியாதா? இன்னொரு தடவை அந்த வரியை மெதுவாகப் படித்தார்.

பிறகு அருள்முருகன் படித்தார். 'உத்திராபதி ஆகிய நான், அருள்முருகனைத் தவிர வேறு யாரிடமும் இலைக்குச் சொல்லி வைக்க மாட்டேன்' என்று வந்தது. அவரே கேட்டு வாங்கிய நிபந்தனைதான். அதோடு நிறுத்திவிட்டார். "வேற ஆளே இல்லாமதான் இருந்தீங்களா அன்னைக்கு?" என்று கேட்டார்.

"நீதானப்பா இருந்த" என்றார் உத்திராபதி.

ஆனாலும் அவர் கோபம் முழுக்க அடங்கவில்லை. வெண்மதி பக்கம் திரும்பினார். "இத அன்னைக்கே படிக்க வச்சிருந்தா எண்ணூறு பேருக்கு முன்னாடி நான் தலை குனிஞ்சிருப்பேனா மேடம்?" வெண்மதிக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. ராகுகாலம் கேட்டது நீங்கள்தானே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கடைக்குப் போய் இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து மேஜைமேல் விரித்து வைத்தேன்.

"அன்னைக்குப் பத்தரைக்கு ராகுகாலமே இல்லைங்க. ரெண்டு தாள ஒண்ணா கிழிச்சுட்டு, மறுநாள் ராகுகாலத்த வந்து சொல்லிட்டேன். அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

வெண்மதி என்னைப் பார்க்கவே இல்லை. அருள்முருகன் கூரையைப் பார்த்தார். உத்திராபதி அந்தத் தாளைக் கையில் எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் படித்தார். கிழித்து என் மேல் எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எத்தன மணிக்குக் கையெழுத்துப் போட்டோம்?" என்று கேட்டார். பத்து இருபத்திரண்டு என்றேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் மணியையும் எழுதிவைப்பது வெண்மதியின் வழக்கம். அதையும் ஒப்பந்தத்தில் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். குளிகை ஒன்பது முதல் பத்தரை வரை.

"குளிகைலயா போட்டோம்?" என்றார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

குளிகையில் செய்த காரியம் திரும்பவும் நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், கடனைத் திருப்பிக் கட்டுவார்கள், பிணத்தை எடுக்க மாட்டார்கள். உத்திராபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப இது ரெண்டாந்தடவ போட்டே ஆகணும்னு அன்னைக்கே விதிச்சிருக்கு. நான் எங்கேருந்து கோர்ட்டுக்குப் போறது?" என்று கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து நோட்டீசை எடுத்து நாலாக மடித்தார். அருள்முருகனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உத்திராபதிக்கும் வந்தது. அவர் சிரித்தால் சத்தம் என் கடையையும் தாண்டிக் கேட்கும். அவர் குளிகையை நம்பித்தான் மனம் மாறினாரா, மனம் மாறியதற்கு ஒரு சாக்குத் தேடினாரா என்று எனக்குத் தெரியாது. மாரியம்மாளிடம் கேட்டால், இரண்டும்தான் என்கிறார்.

புதிய ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். முகூர்த்த நாளுக்கு ஆள் கூலியில் ஒரு பங்கை உத்திராபதி ஏற்றுக்கொண்டார். இலை தர முடியாவிட்டால் வேறு யாரிடமிருந்தாவது வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று அருள்முருகன் எழுதச் சொன்னார். கூண்டு மூன்றாம் எண்ணாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும் என்று ஆனது. நடுவில் ஒன்றரைக்கு நிஜமான ராகுகாலம் வந்தது. இந்தத் தடவை யாரும் அவசரப்படவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, இன்னும் ஒரு நிபந்தனை இருக்கிறது என்றார் உத்திராபதி. அவர் சொல்லச் சொல்ல வெண்மதி தட்டச்சு செய்தார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அது எங்கள் இருவருக்குமானது. 'வெண்மதி ஆகிய நான், யார் அவசரப்படுத்தினாலும் மாற்றிப் படிக்காமல் கையெழுத்து வாங்க மாட்டேன். சாட்சி செந்தமிழ்செல்வன் ஆகிய நான், என் தவறு எனக்குத் தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன், காலண்டர் தாளை இழுப்பறையில் வைக்க மாட்டேன்.'

அச்சாகி வந்த தாளை வெண்மதி என்னிடம் நீட்டினார். எல்லாரும் மாற்றிப் படிக்க வேண்டும் என்றால் நாங்களும்தானே? அவருடைய வரியை நான் படித்தேன். என் வரியை அவர் படித்தார். "என் தவறு எனக்குத் தெரிந்தால் அன்றைக்கே" என்ற இடத்தில் அவருடைய குரல் நின்றது. அதுவரைக்கும் என்னை நிமிர்ந்து பார்க்காதவர் அப்போதுதான் பார்த்தார்.

"மூணு மாசமா இத உள்ளயே வச்சுக்கிட்டா இருந்தீங்க அண்ணே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை, வந்தது. பேனாவைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பாதியில் நின்ற வரியை மீண்டும் முதலிலிருந்து, நிதானமாகப் படித்து முடித்தார்.

கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் ஒரு சிக்கல் புரிந்தது. நிபந்தனைக்குள் நானே வந்துவிட்டதால் நான் இதற்குச் சாட்சி போட முடியாது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேறு சாட்சி தேட வேண்டும். கோவிந்தசாமியைக் கூப்பிட்டேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். எங்கே போட வேண்டும் என்று கேட்பார், அந்த இடத்தைக் காட்டலாம் என்று விரலை நீட்டினேன்.

"இரு செல்வம். இன்னா எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் போடுவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இரண்டு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அருள்முருகன் போனை அணைத்து வைத்தார். உத்திராபதி மணி கேட்கவில்லை. வெண்மதி எழுந்து போய், சுவரில் சாய்ந்திருந்த போர்டிலிருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கோவிந்தசாமி படிக்கட்டும் என்று நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம்.